கப்பல் அண்ணை தட்டிய கதிரை

போர்த்துக்கேயர் இலங்கையில் விட்டுப்போன சாமான்களுக்கு இன்றைக்கும் பொறுப்பாக இருக்கிற ஒரே மனிதர் மல்லாவிக் கப்பல் அண்ணைதான். தச்சு வேலைக்காரர். எங்கள் சந்தை விழாவுக்குக் கடைகள் போடுவது அவர்தான். கதிரை, மேசை, நீள வாங்கு எல்லாவற்றையும் வீடு வீடாக இரவல் வாங்கி வருவார். இறக்கும்போது ஒவ்வொன்றையும் சுத்தியல் பிடியால் தட்டி, "மேசை. போர்த்துக்கேயச் சொல்லு. கப்பல்ல வந்தது" என்று அறிவிக்காமல் நகரமாட்டார். பட்டப்பெயர் அப்படி ஒட்டியது.

கடைச் சன்னல், கிராதி, கோப்பை எதுவும் தப்பாது. சுற்றிக்கொண்டிருந்த இராட்டினத்தை நிற்பாட்டி அதன் பெரிய சக்கரத்தை, அவர் பாஷையில் ரோதையை, தட்டினார். உச்சியில் தொங்கியவர்கள் போட்ட கூச்சல் பக்கத்து ஊர் துணுக்காய் வரை கேட்டிருக்கும்.

வடைக்கடை அக்கா ஒருநாள் மடக்கினா.

"அப்ப என்ர வடையும் கப்பலிலயோ வந்தது?"

"வடை எங்கட. அது சுடுற தாச்சிதான் அவங்கட."

"தாச்சியைத் திருப்பிக் குடுத்திட்டு உள்ளங்கையிலயோ சுடுறது?"

"குடுக்கத் தேவையில்லை பிள்ளை. ஆரிட்டை இரவல் வாங்கினதெண்டு சொன்னாக் காணும். அதுதான் மரியாதை."

இனி எழுதப்போவதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பள்ளிக்கூட வாத்தியாரான நான்தான் விழாக்குழுச் செயலாளர். போன முறை விழாவைத் திறக்கக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய தமிழறிஞரை அழைத்திருந்தோம். அவர் மேடையில் அமரப் போகும் நேரம், கப்பல் அண்ணை சுத்தியலோடு ஓடிவந்து அவருடைய கதிரையை நாலு தட்டுத் தட்டினார்.

"கப்பல்ல வந்தது. இப்ப இருங்கோ ஐயா."

அறிஞர் மிரண்டுபோனார். நான் அவர் காதருகே குனிந்தேன். "குறை நினையாதேங்கோ ஐயா. அந்தாளுக்குக் கொஞ்சம் கழண்டது. கடை போட வேற ஆளில்லாமத்தான் வச்சிருக்கிறம்."

மேசையிலிருந்த மைக் திறந்திருந்தது. சந்தை முழுக்கக் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. கப்பல் அண்ணை சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போனார். விழா முடியும்வரை அவர் ஒன்றையும் தட்டவில்லை. மன்னிப்புக் கேட்க மூன்று தரம் போய், மூன்று தரமும் வடை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

இரவல் சாமான்கள் வீடுகளுக்குத் திரும்பின. கடைசியாக என் வீட்டுக் கதிரையைத் தோளில் வைத்துக்கொண்டு அவரே வந்தார். அறிஞர் இருந்த அதே கதிரை.

"மாஸ்டர், இதின்ர கால் ஆடினது. ஐயா விழுந்தா உங்களுக்கெல்லே வெட்கக்கேடு? அதுதான் ஓடிவந்து தட்டி இறுக்கினனான். இப்ப வடிவா ஆணியும் அடிச்சிருக்கிறன்."

கதிரையை அவர் பக்கம் திருப்பி, விரலால் தட்டினேன்.

"கப்பல்ல வந்தது அண்ணை. இருங்கோ."

இருந்தார். அன்றிலிருந்து அந்தக் கதிரையில் நான் இருப்பதில்லை. அது அவருடையது.