ஊறுகாய்ச் சாடிக்குள் விடிந்த விடியல்

கல்முனைக்குடி
11.06.1979

அன்பும் மரியாதையும் நிறைந்த இப்றாஹிம் காக்காவுக்கு, தங்கை சபூறாவின் ஸலாம்.

அல்லாஹ்வின் கிருபையால் நானும் அவரும் உயிரோடு இருக்கிறோம். எல்லாரும் எழுதுகிற வரிதானே என்று இதைத் தாண்டிப் போய்விட வேண்டாம். இம்முறை அது செய்தி.

மின்சார வேலையில் இருபது வருடம் இருந்தவர் நீங்கள். "உப்புத் தண்ணிக்குள்ள கரண்ட உட்டா வெளையாடுறான் உன்ட புருசன்? கைய வெச்சானெண்டா மையத்துத்தான்" என்று பதுளையிலிருந்து நீங்கள் எழுதியதை அவருக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். ரேடியோ திருத்துகிற மேசையிலிருந்து தலை தூக்காமலே, "காக்கா சொல்றது சரிதான் புள்ள. அதனாலதான் கைய வெக்காம தூரத்தில இருந்து வெளிச்சத்தக் கூட்டிக் கொறைக்கப் பாக்கன்" என்றார். இந்த மனிதரோடு நான் எப்படிக் கதைப்பது?

எல்லாம் பெனடிக் மாஸ்டரால் வந்தது. சூறாவளி கொண்டுபோன வாசிகசாலைக் கூரைக்குக் காசு சேர்க்க அவர் நாடகம் பழக்கினார். கதையில், கடலுக்குப் போன புருஷனுக்காக ஒருத்தி இரா முழுக்கக் கரையில் காத்திருக்கிறாள், விடியும்போது தோணி வருகிறது. "ஜவுபர், சுவிட்சப் போட்டதும் பளிச்செண்டு விடிஞ்சா சனம் சிரிக்கும். மெல்ல மெல்ல விடியோணும்" என்று மாஸ்டர் சொன்ன நாளிலிருந்து என் வீடு வீடாக இல்லை. என் ஊறுகாய்ச் சாடி போயிற்று. பழைய பற்றரியிலிருந்து இரண்டு ஈயத் தகடு வந்தது, ஒன்று சாடியின் அடியில், மற்றது மேலே கயிற்றில். மேல் தகடு உப்புத் தண்ணீருக்குள் இறங்க இறங்க பல்ப் பிரகாசிக்கும், தூக்கத் தூக்க மங்கும். முதல் நாள் கைப்பிடி உப்பைப் போட்டுத் தண்ணீர் கொதித்துக் அடுப்படிக் குசினியெல்லாம் எலுமிச்சை ஊறுகாய் ஆவி. பிறகு சிட்டிகையில் அடங்கியது. கயிற்றை ஏற்றி இறக்க லொறிக் கண்ணாடி துடைக்கிற வைப்பர் மோட்டர், அதிலிருந்து நூறடி வயர், வயரின் நுனியில், ஏற்ற ஒன்று இறக்க ஒன்றாக இரண்டு அழைப்புமணிச் சுவிட்ச் பூட்டிய பலகை. சனத்தின் நடுவில் கதிரையில் இருந்தபடி சூரியனை உதிக்க வைப்பாராம்!

சாடிக்கு நான் காவல் நிற்பதாயிருந்தால்தான் சம்மதம் என்றேன். உடனே ஓம் என்றார். மூன்று நாள் பழக்கினார். காய்ந்த பலகையில் ரப்பர் செருப்போடு நிற்க வேண்டும், சாடிக்குக் கிட்டக் கை போகக் கூடாது, மோட்டர் மக்கர் பண்ணினால் அதன் சில்லிலிருந்து கயிற்றைக் கழற்றி ஒவ்வொரு விரல் அளவாகக் கீழே விட வேண்டும்.

முந்தாநாள் மஃரிபுக்குப் பிறகு பள்ளிக்கூட வளவில் நாடகம். மேடைக்குப் பின்னால் தென்னங்கிடுகு மறைப்புக்குள் நானும் சாடியும். பெண் வேடம் போட்ட செபரட்ணம், "கிழக்கு வெளுக்குதே" என்றான். மோட்டர் மூச்சு விடவில்லை. இருட்டு. திரும்பவும் சொன்னான். சனத்துக்குள்ளிருந்து யாரோ, "எங்க தம்பி வெளுக்குது?" என்றார்கள். மூன்றாம் தரம் அவன் குரல் அழுதது, நடிப்பல்ல. பிஸ்மி சொல்லிக் கயிற்றைக் கழற்றினேன். ஒரு விரல் விட்டேன். பால்மா டின்களுக்குள் கட்டியிருந்த பல்புகளின் கம்பி தணல்போலச் சிவந்தது. இன்னொரு விரல். செபரட்ணத்தின் முகம் இருட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தது. பிறகு மணல், தோணி, எல்லாம். அந்தப் பெரிய சனத்தில் ஒரு பிள்ளைகூட அழவில்லை காக்கா. பக்கத்து வளவுச் சேவல் கூவிற்று! அதையும் மாஸ்டர் பழக்கி வைத்தாரென்று ஊர் இன்னும் நம்புகிறது.

எத்தனை ஆயிரம் சுபஹுத் தொழுகைக்கு எழும்பி அடுப்பு மூட்டியிருப்பேன். அல்லாஹ் ஒவ்வொரு நாளும் இவ்வளவு மெதுவாக, இவ்வளவு கவனமாக விடிய வைக்கிறான் என்று என் கையில் கயிறு இருந்தபோதுதான் கண்டேன்.

கிடுகு இடுக்கால் பார்த்தால், கதிரையில் இவர், சுவிட்சில் விரல், முகத்தில் ராசா களை. தான்தான் விடிய வைத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார். எல்லாரும் வந்து அவர் கையைப் பிடித்தார்கள். நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீங்களும் மூச்சு விட வேண்டாம்.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். உங்கள் கையைக் கரண்டிலிருந்து அல்லாஹ் காப்பாற்றட்டும்.

துஆவுடன்,
சபூறா

பி.கு.: மச்சான், ஜவுபர் எழுதுகிறேன். தபாலில் போடத் தந்தாள், உறையை ஒட்ட மறந்துவிட்டாள். மோட்டர் அன்று காலையிலேயே கருகிப் போயிற்று. சொன்னால் பயந்து வீட்டில் நின்றுவிடுவாள். வேறு எவர் கையையும் நான் நம்பவில்லை. அதனால்தான் வெறும் சுவிட்சை அமத்திக்கொண்டிருந்தேன். செபரட்ணம் மூன்றாம் தரம் சொன்னபோது என் உயிர் போய் வந்தது. அவளுக்குச் சொல்லிவிட வேண்டாம். அக்கரைப்பற்றிலும் நாடகத்துக்குக் கேட்கிறார்கள். மோட்டரை நான் திருத்தப்போவதில்லை.