இன்னொருக்கா கேட்ட பிள்ளை

கொழும்பு மாநகரில் ‘வேண்டாம்’ என்ற சொல்லை யாரும் நம்பக்கூடாது என்று ஓர் இயக்கமே நடத்தியவள் எங்கள் அலுவலகத்து இன்னொருக்கா. அந்த இயக்கத்துக்குத் தலைவியும் அவள்தான், ஒரே உறுப்பினரும் அவள்தான்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். உலகத்தில் எங்கே வெள்ளம், புயல், நிலநடுக்கம் வந்தாலும் உதவிக்குப் போக விரும்பும் இளைஞர்களைத் தெரிந்தெடுத்து, பழக்கி, அனுப்பி வைப்பது வேலை. நான் நிர்வாகம்; இன்னொருக்கா எனக்கு உதவியாள், தொண்டர் பட்டியலிலும் பெயர் உண்டு. கோப்புகளை நிறம் பிரித்து அடுக்குவதும், படுக்கப் போகுமுன் அன்றைய நடப்பை நாட்குறிப்பில் எழுதுவதும் என் பழக்கம். போன ஆண்டு நாட்குறிப்பில் மழையைவிட அதிகமாக வந்திருப்பது இவள்தான்.

பட்டப்பெயரை வைத்தவர் வான் ஓட்டும் செல்வராஜ். அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து தெமட்டகொடையில் குடியேறியவர். “சார், அந்தத் தங்கச்சி எதக் கேட்டாலும் இன்னொருக்கா, இன்னொருக்கான்னு கேக்குது. டீசல் இருக்குன்னு சொன்னாக்கூட நம்ப மாட்டேங்குது” என்று என்னிடம் முறையிட்டார். அவள் மூன்றாவது தரம் கேட்டபோதுதான் அவரும் மீற்றரைப் பார்த்திருக்கிறார். டீசல் இல்லை.

அவளுடைய கொள்கை எளிமையானது. “சேர், எங்கட ஆக்கள் முதல் ‘வேண்டாம்’ மரியாதைக்குச் சொல்லுறது. ரெண்டாவது, கேக்கிறவர் உண்மையாத்தான் கேக்கிறாரோ எண்டு பாக்கச் சொல்லுறது. மூண்டாவதுதான் பதில்.”

தன் கொள்கைப்படியே அவளும் நடந்தாள். மத்தியானம் “சாப்பிட்டீரா?” என்று கேட்டால் “ஓம் சேர்” என்பாள். திரும்பவும் கேட்டால் “ஓமோம், வயிறு நிறைய” என்பாள். மூன்றாவது தரம் கேட்டால், “என்ன சேர் இருக்கு?” என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என் சோற்றுப் பார்சலுக்கு முன்னால் இருப்பாள்.

ஒரு பின்னேரம் கொட்டாஞ்சேனைக்குப் போக ஓட்டோ ஒன்றை மறித்தோம். ஓட்டோக்காரர் “பே, நங்கி”, முடியாது தங்கச்சி, என்று தலையாட்டினார். அவள் சிங்களத்தில் திரும்பக் கேட்டாள். மீண்டும் “பே.” நான் அடுத்த ஓட்டோவைத் தேடி நடக்கத் தொடங்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் இன்னொருக்கா உள்ளே ஏறி இருக்கிறாள். ஓட்டோக்காரர் தன் மாமியாரோடு உள்ள மனவருத்தத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கொட்டாஞ்சேனை வரும்வரை அந்த மாமியார் எங்களோடுதான் வந்தார்.

கொட்டாஞ்சேனை மண்டபத்தில் அன்று பயிற்சி. தொண்டர்களில் பாதிப்பேர் வெள்ளத்தில் வீடிழந்தவர்களாக நடிக்க வேண்டும். மற்றவர்கள் மேசை போட்டு இருந்து அவர்களுடைய தேவைகளைக் கேட்டுப் பதிய வேண்டும். மற்ற மேசைகளில் வரிசை வடிவாக நகர்ந்தது. இன்னொருக்காவின் வரிசை மண்டப வாசலைத் தாண்டி, தெருவில் பஸ்ஸுக்கு நின்ற ஒருவரையும் சேர்த்துக்கொண்டது. நடிக்க வந்த பெடியன் ஒருவன் முதலில் கூடாரம் வேண்டும் என்றான். பிறகு பாய் என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்து, “தம்பி, இன்னொருக்காக் கேக்கிறன். உண்மையா என்ன வேணும்?” என்றாள்.

“அக்கா, சோதினை பெயில். வீட்டை இன்னும் சொல்லேல்லை” என்று அவன் அழத் தொடங்கினான்.

பயிற்சியாளர் அதை எந்தப் பிரிவில் பதிவது என்று தெரியாமல் தேநீர் இடைவேளை விட்டார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் அவளிடமே கேட்டேன். “சும்மாதான் சேர்” என்றாள். திரும்பக் கேட்டேன். “பழகிப்போச்சு” என்றாள். அவளுடைய முறை எனக்கும் பழகியிருந்ததால் இன்னொரு தரம் கேட்டேன்.

“சின்னனில அகதி முகாமில இருந்தனாங்கள் சேர். வெளிநாட்டிலயிருந்து உதவிக்கு வந்த ஒரு அண்ணை, என்ன வேணுமெண்டு என்னட்டைக் கேட்டவர். அம்மா பக்கத்தில நிண்டவ. பிறத்தியாரிட்டைக் கேக்கக்கூடாது எண்டு வளத்தவ. நான் ஒண்டும் வேண்டாமெண்டன். அவர் நல்ல மனுசன். நம்பிட்டுப் போட்டார்.”

“என்ன வேணுமாயிருந்தது?”

“செருப்பு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளுக்கு இருந்த ஒரே ஆசை, அந்த அண்ணை நின்ற இடத்தில் தான் ஒருதரம் நிற்க வேண்டும் என்பது. புயல் அடித்துப்போட்ட ஒரு தீவு நாட்டுக்குப் போகும் குழுவில் அப்போது ஓரிடம் காலியாக இருந்தது. முன்பு விண்ணப்பித்த நேரங்களில் அவளை யாரும் கூப்பிடவில்லை. தொண்டர்களுக்கான வயதெல்லை அந்த ஆண்டோடு அவளுக்கு முடிகிறது. இதுவும் தவறினால் பிறகு இல்லை.

ஆளைத் தெரிவுசெய்யத் தலைமையகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நெடிய, அளந்து பேசும் வெள்ளைக்காரப் பெண்மணி. நேர்முகம் தொடங்குமுன் இன்னொருக்கா அவரிடம் தேநீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், நன்றி என்றார். திரும்பக் கேட்டாள். இப்போதுதான் குடித்தேன் என்றார். மூன்றாவது தரம் கேட்டபோது, கேள்வி நின்றால் போதும் என்று நினைத்தோ என்னவோ, சரி என்றார். இன்னொருக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். கோப்பை காலியானதும் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. பிறகு வடை. கடைசியில் அதிகாரி கேள்விகளைச் சுருக்கிக்கொண்டு குளியலறை எங்கே என்று விசாரித்தார்.

அவள் போனபிறகு அதிகாரி என்னிடம் சொன்னார்: “நல்ல பெண். ஆனால் மற்றவர் சொல்வது அவள் காதில் விழுவதில்லை. இந்த வேலைக்கு அது ஆபத்து.”

தேநீர் குடித்த யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அவளும், அதிசயமாக, ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

அந்த வாரமே மழை கொட்டி ஹெந்தளைப் பக்கம் தண்ணீர் ஏறியது. அதிகாரியும் எங்கள் வானில் வந்தார். தொண்டர்கள் வீடு வீடாகப் போய்த் தேவைகளைக் கேட்டார்கள். ஓர் ஒழுங்கையில் தண்ணீர் வடிந்து சேறாகக் கிடந்தது. அங்கே ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், தோய்த்து மினுக்கிய சேட்டோடு, மேசைக்கு மேல் கதிரை போட்டு அதில் இருந்தார். சாப்பாட்டுப் பார்சலைக் கையால் தள்ளிவிட்டார். பெடியன்கள் “அந்த ஐயாவுக்கு ஒண்டும் வேண்டாமாம்” என்று திரும்பி வந்தார்கள்.

இன்னொருக்கா உள்ளே போனாள். அதிகாரியும் நானும் வாசலில் நின்றோம்; பேச்சை நான் அவருக்கு மெல்ல மொழிபெயர்த்தேன்.

“ஐயா, என்ன வேணும்?”

“ஒண்டும் வேண்டாம் பிள்ளை.” கையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசினார்.

“பார்சல் பிடிக்கேல்லையோ? வேற ஏதும் கொண்டு வரட்டே?”

“இல்லாத சனத்துக்குக் குடுங்கோ. எனக்கு ஒரு குறையும் இல்லை.”

அவள் சேற்றில் இன்னும் ஓரடி கிட்டப் போய்க் குரலைத் தாழ்த்தினாள். “ஐயா, கோவிக்காதேங்கோ. இன்னொருக்காக் கேக்கிறன்.”

அவர் எங்கள் பக்கம் பார்த்தார். பிறகு கையை எடுத்தார்.

“என்ரை பல்லுசெட் தண்ணியோட போட்டுது, பிள்ளை.”

முந்தின நாள் காலையிலிருந்து அவர் சாப்பிடவில்லை. பார்சல் சோறு சப்ப முடியாது. பல்லில்லை என்று பெடியன்களுக்குச் சொல்லவும் முடியாது. செல்வராஜ் எங்கிருந்தோ சுடச்சுடக் கஞ்சி வாங்கி வந்தார். தபாலதிபர் கதிரையை மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு குடித்தார். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் மதிலால் எட்டி, “தங்கச்சி, என்னட்டையும் இன்னொருக்காக் கேட்டிட்டுப் போம்” என்றாள்.

திரும்பி வரும்போது வானில் அதிகாரி நேர்முகக் குறிப்புகளை எடுத்து மறுபடி வாசித்தார். பிறகு பின் ஆசனத்துக்குத் திரும்பி, “அந்தக் குழுவோடு போக உனக்கு விருப்பமா?” என்று கேட்டார்.

இன்னொருக்கா தலைகுனிந்துகொண்டு சொன்னாள்: “வேண்டாம் மேடம். என்னைவிடத் திறமான ஆக்கள் இருக்கினம்.”

அதிகாரி ஆழ்ந்து தலையசைத்தார். “விளங்குகிறது. உன் முடிவை மதிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் பின்னால் பார்த்தேன். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவளின் முகம். வாய் சற்றுத் திறந்திருந்தது. தானாக வாயைத் திறந்து கேட்பது அவளை வளர்த்த முறையில் இல்லை.

“மேடம், அவளிடம் மறுபடி கேளுங்கள்” என்றேன்.

“வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே?”

“அது முதலாவது.”

அதிகாரி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் திரும்பிக் கேட்டார்.

“நான் போனா இங்க ஒபீஸில ஆர் மேடம் பாக்கிறது?” என்றாள் இன்னொருக்கா. எனக்குத் தலையில் கைவைக்கத் தோன்றியது.

செல்வராஜ் வானை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு முழுதாகத் திரும்பினார். “மேடம், இன்னும் ஒண்ணுதான் பாக்கி. கேட்டுடுங்க. இல்லாட்டி நான் வண்டிய எடுக்க மாட்டேன்.” அவர் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன், கடைசி வாக்கியத்தைத் தவிர.

அதிகாரி, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்: “போகிறாயா?”

“எத்தினை கிலோ கொண்டு போகலாம் மேடம்?”

அதிகாரி சிரித்ததை அன்றுதான் பார்த்தோம். வெள்ளவத்தை வந்து சேர்ந்ததும் தாமாகவே ஒரு தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அவள் போன நாளில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நானும் வானில் போனேன். தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். இன்னொருக்கா புதுச் செருப்புப் போட்டிருந்தாள்.

“சேர், அங்கயிருந்து உங்களுக்கு என்ன கொண்டு வர?”

“ஒன்றும் வேண்டாம்.”

“உண்மையாவோ சேர்?”

“உண்மையாகத்தான். நேரம் போகிறது, உள்ளே போம்.”

வாய் திறக்கப் போனாள். அதற்குள் வரிசை நகர்ந்து, பின்னால் வந்தவர்களின் பயணப்பெட்டி வண்டில் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டது. கையை மட்டும் ஆட்டினாள்.

திரும்பி வரும் வழியில், ஹெந்தளைச் சந்தியில் சிவப்பு வெளிச்சத்துக்கு நின்றபோது, என் தொலைபேசி மெல்ல அதிர்ந்தது.

“இன்னொருக்காதானே சார்?” என்றார் செல்வராஜ், தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவளேதான். ‘சேர், மூண்டாந்தரம் கேக்கேல்லை. என்ன வேணும்?’

‘ஒன்றும் வேண்டாம்’ என்று எழுதினேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். பிழை இல்லை. இருந்தும் அதை முழுதாக அழித்துவிட்டு, ‘கெதியாத் திரும்பி வாரும், பிள்ளை. மத்தியானச் சோறு மிஞ்சுது’ என்று எழுதி அனுப்பினேன்.