கால் வயிற்றுக்காரி அண்ணனுக்குச் சொல்லும் தைரியம்

அன்புள்ள அண்ணாவுக்கு, தங்கையின் வணக்கம். இங்கே நாங்கள் மூவரும் நலம். நீ நலமாக இல்லை என்பது அண்ணி ஃபோனில் அழுததிலேயே தெரிந்துவிட்டது.

எடைக்குறைப்பு ஆபரேஷனை மறுபடியும் தள்ளிப்போட்டு, வருகிற புதன்கிழமைக்கு மாற்றியிருக்கிறாயாமே! மாடி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாய், சர்க்கரை ஊசிக்கும் அடங்கவில்லை, இனி இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லியும் பயமா? போன வருடம் அதே ஆபரேஷன் செய்துகொண்ட உன் தங்கை குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து எழுதுகிறேனே! வயிற்றில் முக்கால்வாசியை வெட்டி எடுத்தார்கள். சர்க்கரை மாத்திரை நின்றது, பிரஷர் மாத்திரை நின்றது, முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. ஒரு தொந்தரவும் இல்லை, சத்தியமாக.

தொந்தரவு என்றால் முடி கொட்டியதைச் சொல்லலாம். சீப்பைப் பார்க்கவே பயந்தேன். "புரோட்டீன் ஒழுங்கா சாப்பிடுங்கம்மா, திரும்ப வந்துடும்" என்றார் டாக்டர். வந்தும்விட்டது, நெற்றிக்கு மேலே குட்டையாக நட்டுக்கொண்டு. நம் வாண்டு "அம்மா பிரஷ்ஷு" என்று தடவிப் பார்க்கிறாள். சத்து மாத்திரையைக் கொஞ்ச நாள் மறந்ததில் பாதம் மரத்து, ஒற்றைச் செருப்போடு கடைத்தெரு முழுக்க நடந்தேன். ஊசி போட்டதும் சரியாயிற்று. ஆயுள் முழுக்க மாத்திரை, அவ்வளவுதானே! அப்புறம் ஆபீஸில் யாருக்கோ பிறந்தநாள், கேக்கை அவசரமாக விழுங்கிவிட்டேன். இனிப்பு குடலில் மடமடவென்று இறங்கி, நெஞ்சு படபடத்து, வேர்த்துக் கொட்டி, மேஜைக்கடியில் படுத்துவிட்டேன். ஹார்ட் அட்டாக் என்று ஆம்புலன்ஸே வந்துவிட்டது. வந்த ஆள் என் அடையாள அட்டையின் பழைய படத்தைப் பார்த்துவிட்டு, "பேஷண்ட் எங்கம்மா? நீங்க ஏன் குறுக்க படுத்திருக்கீங்க?" என்கிறான்! படுத்த வாக்கில் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அண்ணா!

நிஜமான சிக்கல் ஒன்றே ஒன்றுதான். என் குறட்டை நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து அதைக் கேட்டே தூங்கிய வாண்டு, இப்போது கொட்டக் கொட்ட விழித்திருக்கிறாள். உன் மாப்பிள்ளைக்கும் உன்னைப் போலக் கனத்த உடம்புதானே, அவரும் குறட்டை விடுவார்; ஆனால் அது விசில் ரகம், அவளுக்கு வேண்டியது என் லாரி ரகம். அதனால் அவர் தினமும் முழித்துக்கொண்டே என்னைப் போல் குறட்டை விட்டுக் காட்டுகிறார். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினால், "அப்பா, இன்னும்!" என்று அதட்டல். இதற்கெல்லாம் பயந்தால் முடியுமா? சிங்கம் மாதிரி போய்ப் படு அண்ணா!

நீ நல்லபடியாக எழுந்து வர எல்லாத் தெய்வங்களையும் வேண்டும்,
உன் தங்கை.

பி.கு.: எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லா எழுதியிருக்க. நானும் அதே டாக்டர்கிட்ட தேதி வாங்கிட்டேன்" என்கிறார்! ஐயோ அண்ணா, கத்தி என்றால் விளையாட்டா? மயக்க மருந்து கொடுத்து விழிக்காமல் போனால்? பச்சைப்பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? உடனே ஃபோன் போட்டு, "வேணாம் மாப்ள, ரொம்ப ஆபத்து"ன்னு சொல். பயத்தை உன்னளவுக்கு விளக்கமாகச் சொல்ல நம் குடும்பத்தில் வேறு ஆளில்லை. மறக்காமல், புதன்கிழமை ஆபரேஷனுக்குக் கிளம்புவதற்கு முன்னாலேயே சொல்லிவிடு.