துவைத்துப் பார்க்கப்பட்ட தொலைநோக்கி

உலகத்தைப் படைத்தவர் அதை அனுப்பிவைக்கும் முன் ஒரு சாம்பிளை எங்கள் 'ரிஜெக்ட்' அண்ணனிடம் காட்டியிருந்தால், மனிதகுலம் இன்னமும் திருப்பூரில் ஒரு மேசையின்மேல் ஒப்புதலுக்காகக் காத்துக் கிடந்திருக்கும். எங்கள் பனியன் கம்பெனியில் அவர் தரச்சோதனைக்குத் தலைவர். நான் ஆங்கிலக் கடிதங்கள் எழுதுபவன். அவருடைய இயற்பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும். ஒரு கல்யாணத்தில், முகூர்த்த நேரத்தில் மணமேடையிலேயே ஏறி, "ஏனுங்க மாப்ளே, காலர்ல ஒரு தையல் உட்டுப்போச்சுங்க" என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர்.

அத்தகைய மனிதரிடம்தான், வேட்டைத் துப்பாக்கியின்மேல் பொருத்தும் தொலைநோக்கி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை முதலாளி ஒப்படைத்தார். எங்களிடம் குளிர்கால உள்பனியன் வாங்கும் ஸ்வீடன்காரர் ஒருவர் வரவிருந்தார். அந்த ஆர்டரை எங்களுக்கே தருவதா, வேறு நாட்டுக்குக் கொண்டுபோவதா என்பதை அந்த வருகையில் அவர் முடிவுசெய்வார். கைநழுவினால் எங்கள் இரண்டாவது தையல் பிரிவை மூட வேண்டியதுதான். அவர் மான் வேட்டைப் பிரியர் என்று கேள்விப்பட்ட முதலாளிக்குப் பரிசு யோசனை பிறந்தது.

"ஏனுங்ணா, நீங்க பாத்தாத்தான் குத்தங்கொறை இருக்காது. சாரையும் கூட்டிக்கிட்டுப் போய் நல்லதா ஒண்ணு எடுத்துட்டு வந்துருங்க" என்றார் முதலாளி, என்னைச் சுட்டிக்காட்டி.

கோவையில் ஒரு துப்பாக்கிக் கடை. கடைக்காரர் காட்டிய முதல் தொலைநோக்கியை அண்ணன் மறுபேச்சின்றி வாங்கியபோது எனக்கு வியப்பாக இருந்தது. மறுநாள்தான் விளங்கிற்று. அதை நாற்பது டிகிரி வெந்நீரில், இருபது பனியன்களோடு சேர்த்து, மூன்று முறை மெஷினில் துவைத்திருந்தார். புதுத் துணியைத் துவைத்துச் சுருக்கமும் சாயமும் பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். அந்த வழக்கத்துக்கு விதிவிலக்கு உண்டென்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

திரும்பி வந்த பொருளைக் கடைக்காரர் கையில் ஏந்தி முகர்ந்து பார்த்தார்.

"இதத் தொவச்சீங்களா?"

"வாட்டர்புரூஃப்னு போட்டிருந்துதுங்களே. தண்ணி உள்ள போகலீங்க, அதுல பாஸ். ஆனா உள்ள இருக்கற குறுக்குக்கோடு ஒரு நூல் சாஞ்சுபோச்சுங்க. பனியன்ல இப்படித்தான் சைடு தையல் முறுக்கிக்கிட்டு வயித்துப்பக்கம் வந்துரும்."

"ஏனுங்க, இது துப்பாக்கிக்குங்க!"

"சுட்டா அதிருமில்லீங்க? தொவைக்கறதுக்கே சாயற கோடு அதுக்குத் தாங்குங்களா?"

கடைக்காரர் இருபத்து நான்கு மடங்கு பெரிதாகக் காட்டும் இன்னொன்றை எடுத்து நீட்டினார்.

"மானோட முடிய எண்ணவாங்க போறாரு? இத்தன பெருசாக் காட்டுனா மானு எங்க நிக்குதுன்னே தெரியாதுங்களே."

மூன்றாவதற்குக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். மான் மேய வருவது விடியற்கால மங்கலில். ஆகவே நண்பகல் வெளிச்சத்தில் கண்ணாடியைச் சோதிப்பது மோசடி என்பது அவர் கட்சி. பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே ஒரு போலீஸ்காரர் குனிந்து எட்டிப் பார்த்தார். துப்பாக்கிக் கடையின் இருட்டிலிருந்து ஒருவர் தம்மைக் குறிபார்ப்பதை அவர் கண்டார். "கொஞ்சம் அசையாம நில்லுங்க சார்" என்றார் அண்ணன். விளக்கம் சொல்லி முடிக்க எனக்கு அரைமணி நேரமும், கற்ற ஆங்கிலம் முழுவதும் செலவாயின.

ஆறு தொலைநோக்கிகளும் ரிஜெக்ட். திரும்பும் பேருந்தில் என் பொறுமை தீர்ந்தது.

"ஒண்ணையாவது பாஸ் போட்டிருக்கலாமேங்ணா. அத்தன பேரு வேலை இதுல தொங்குதே."

"எப்படீங்க சார்? பனியன்ல தப்பிருந்தா திருப்பி அனுப்பிருவாங்க. இதுல தப்பிருந்தா அந்தச் சீவன் காலொடிஞ்சு காட்டுக்குள்ள கெடந்து தவிச்சுச் சாகும். அத யாருங்க திருப்பி அனுப்பறது?"

ஸ்வீடன்காரர் வந்தார். பரிசுக்காகக் காத்திருந்த தட்டில் அண்ணன் வைத்தது ஒரு சோதனை அறிக்கை: ஆறு தொலைநோக்கிகள், ஆறு குறைகள், அடியில் அவர் கையெழுத்து. முதலாளியின் முகம் பிளீச் போட்ட துணியாக வெளுத்தது. விருந்தாளி சிரிக்கத் தொடங்கினார். வேறு வழி தெரியாமல், பேருந்தில் அண்ணன் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். ஒருமுறை குறி தவறிச் சுட்ட மானின் இரத்தத் தடத்தைப் பனியில் இருட்டும்வரை தொடர்ந்து போயும் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றார். பிறகு அறிக்கையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "என் பனியன்களைப் பார்ப்பவரும் இவர்தானா?" என்று கேட்டார். ஆமென்றேன். ஆர்டர் அன்றே எழுதப்பட்டது. அது முதல் ஒவ்வோராண்டும் வருகிறது.

அண்ணன் சென்ற மாதம் காலமானார். இந்த ஆண்டு ஆர்டர் நேற்று முன்தினம் வந்தது. கடிதத்தின் கடைசி வரியில் அவர் நலமா என்று கேட்டிருக்கிறார்கள். பதில் எழுதுவது என் வேலை. அதற்கு ஒரு சிறிய வாக்கியம் போதும். எழுதுகிறேன், படித்துப் பார்க்கிறேன், அழித்துவிடுகிறேன்.