சீட்டுக்கு ஒரு ஆள் பாரம்

சேசு மரி சூசை துணை. இதை எழுதி முடிக்கும்வரை என் நாக்குக்கும் அவர்களே துணை.

காரைக்கால்

பாரிசில் வாழும் மைத்துனர் ஜான்பீட்டர் அவர்களுக்கு அத்தான் அடைக்கலராஜ் எழுதுவது. இங்கு உங்கள் பெரியக்கா சகாயம்மாள் நலம். சின்னக்கா ஆக்சிலியா அதைவிட நலம். உங்கள் கார் மிக மிக நலம். நான் ஒருவன்தான் நலமில்லை, காரணம் நீங்கள்.

"பாத்துக்குங்க அத்தான்" என்று என் கொட்டகையில் விட்டுப் போனீர்களே ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், அது வயதாகிப் பள்ளத்தில் இறங்கினால் கடகடக்கிறது என்று சொன்னது என் தப்புதான், உடனே பார்சலில் புஷ் வந்துவிட்டது. சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் மூட்டில் இருக்கிற ரப்பர், தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும், சரி. திருமலைராயன்பட்டினத்து மெக்கானிக் காஜா நஜ்முதீனிடம் ஓட்டிப்போனேன், மீன் வாங்கலாமென்று சகாயமும் வந்தாள். புதுப் புஷ்ஷைப் போட்டுவிட்டு பாய் சொன்னார்: "சக்கரம் தொங்குறப்ப போல்ட்டை முடுக்குனா ரப்பர் முறுக்கிக்கிட்டுக் கிழிஞ்சிரும். வண்டி தரையில நிக்கணும், சீட்டுக்கு ஒரு ஆள் பாரம் இருக்கணும்." சிமெண்ட் மூட்டை வைக்கலாம் என்றேன். போனில் நீ என்ன சொன்னாய்? "ஐயோ, லெதர் சீட்டு அத்தான்! ஆளை உக்கார வைங்க!" லெதருக்கு இருக்கிற மரியாதை எனக்கில்லை.

முன்னால் நானும் பாயின் கடைப் பையனும், பின்னால் சகாயம். இன்னும் ஓர் ஆள் வேண்டுமென்று பாய் தெருவில் போன ஒருத்தியை, "அக்கா, செத்த உள்ள உக்காருங்க" என்று கூப்பிட்டார். ஆக்சிலியா! என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பின்னால் ஏறியவள், உட்கார்ந்த பிறகுதான் பக்கத்தில் யாரென்று பார்த்தாள். அவள் மகள் ஆன்லின் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் சகாயத்தின் தட்டில் வெறும் எலும்பு விழுந்ததே, அன்று நின்றுபோன பேச்சு. இறங்கலாமென்றால் இரண்டே கதவு, காருக்கடியில் வெட்டிய பள்ளத்தில் நின்று பாய் "அசையாதீங்க!" என்கிறார். உப்புக்காற்றில் துருப்பிடித்த போல்ட் பாதி முடுக்கும்போது உடைந்தது. "யாரும் எறங்கிராதீங்க" என்று சொல்லிவிட்டு வேறு போல்ட் வாங்க நாகப்பட்டினம் போய்விட்டார்.

"கறி போட்டது நானாக்கா?" "நீ பாத்துக்கிட்டுத்தானடி நின்ன?" பிறகு இருவரும் அழுதார்கள். பிறகு என்னைப் பிடித்துக்கொண்டார்கள். என் குறட்டை, பெண் பார்க்க வந்தபோது நான் போட்டிருந்த சட்டை, ஒன்றையும் விடவில்லை. நான் எழுந்து போக முடியாது, பாரம்!

அன்றிலிருந்து ஆக்சிலியா தினமும் வருகிறாள். கொட்டகையில் நிற்கிற காரில் ஏசி போட்டுக்கொண்டு அக்காளும் தங்கையும் பேச்சு, கண்ணாடியைத் தட்டி டீ கொடுப்பது நான். அடேய், பேப்பர் படிக்க எனக்கொரு நிம்மதி இருந்ததடா! கிறிஸ்துமசுக்கு வரும்போது அந்தச் சனியனை ஓட்டிக்கொண்டு போ, இல்லையேல் மண்டபத்தூர்க் கடலில் தள்ளிவிடுவேன்.

உன் மனைவி மக்களை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. உன்னைப் பற்றி அவரிடம் இன்னும் பேசவில்லை.

இப்படிக்கு,
பாரமாக உட்கார்ந்த அத்தான்
அடைக்கலராஜ்

பின்குறிப்பு: நீ வந்தால் யார் வீட்டில் தங்குவாய் என்று இன்று காலை மறுபடியும் சண்டை. ஆக்சிலியா டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். சகாயம் காரில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், ஏசி போடவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது, பேப்பர் ஒரு வரி ஓடவில்லை. பின்சக்கரத்துப் புஷ்ஷும் போய்விட்டது என்று இருவரிடமும் சொல்லியிருக்கிறேன், நீயும் அதையே சொல். உடனே ஒரு செட் அனுப்பு. போல்ட் உடையாவிட்டாலும் உடைந்தது என்று பாய் சொல்லிவிடுவார்.