ஸ்டேஷனில் யார் பெரியவர்

மூன்றாவது முறை படித்தபோதும் காகிதத்தில் நாற்பத்தொன்று என்றுதான் இருந்தது.

வியாழன் காலை பதினொரு மணிக்கு நாற்பத்தொன்றாம் கட்டத்தில் விமானங்கள் குண்டு வீசும். தோட்டத்து ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளவும். கீழே புக்கிட் பெலிம்பிங் பக்கமிருந்த விமானப்படை ஸ்டேஷனின் முத்திரை. அன்று வியாழன். மணி எட்டு பத்து.

தோட்ட ஆபீசுக் கணக்கு வழக்கையெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி துரைசிங்கம் எழுந்து சுவரில் தொங்கிய படத்தின் அருகே போனார். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளின் கலகம் மூண்டு அவசரகாலம் தொடங்கிய பிறகு ஒவ்வொரு தோட்டத்துக்கும் கொடுக்கப்பட்ட, கட்டம் போட்ட படம் அது. வரிசைக்கு ஆறு கட்டம், கட்டத்துக்கு ஒரு மைல். நாற்பத்தொன்றில் விரலை வைத்தார். விரலுக்கு அடியில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள், பள்ளிக்கூடம், ரப்பர் ஸ்டோர், அவருடைய சொந்த வீடு.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை விடுமுறைக்குக் கேமரன் மலைக்குப் போயிருந்தார். டெலிபோன் கம்பியை முந்தாநாள் கம்யூனிஸ்டுகள் வெட்டியிருந்தார்கள். இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் துரையைக் கேட்காமல் துரைசிங்கம் ஒரு பென்சில்கூட வாங்கியதில்லை. இப்போது நாற்பது குடும்பங்களின் உயிர் அவர் கையில்.

ஆட்களை மேய்க்கும் மண்டோர் சன்னாசியைக் கூப்பிட்டு, ரப்பர் மரங்களில் பால்வெட்டுக்குப் போனவர்களைத் திருப்பிக் கூட்டிவரச் சொன்னார். எல்லாரையும் எங்கே அனுப்புவது என்பது அடுத்த சிக்கல். மெயின் ரோட்டுப் பக்கம் முள்வேலி; போலீஸ் பாஸ் இல்லாமல் ஓர் ஆள்கூட வெளியே போக முடியாது. ஸ்டோருக்குப் பின்னால் அதே வேலியில் காவலில்லாத ஒரு சின்னக் கதவும், அதைத் தாண்டினால் ஆற்றுப் பாலமும் இருந்தன. அக்கரையில் உலகப் போருக்கு முன்பே கைவிட்ட பழைய ரப்பர் காடு. படத்தில் அது நாற்பத்தொன்றுக்கு நேர் கீழே, நாற்பத்தேழாம் கட்டம். அங்கே ஆளுமில்லை, வீடுமில்லை.

பாஸ் இல்லாமல் வேலியைத் தாண்டினால் ஜெயில் என்று சன்னாசி மெதுவாக நினைவூட்டினான்.

"ஜெயிலுக்குப் போறதெண்டால் நான் போறன்," என்றார் துரைசிங்கம். "சனத்தை அக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போ. ஆர் கேட்டாலும் வாயைத் திறவாதே."

அவருடைய மனைவி மங்கையற்கரசிதான் தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. முப்பத்தைந்து பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி அவள் பாலத்தைக் கடந்தாள். மிஞ்சியது புஷ்பவள்ளி மட்டும். முந்தின நாள்தான் பிள்ளை பெற்றிருந்தாள், காய்ச்சல் வேறு. நகர்த்த முடியாது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டு அவளோடே இருந்துகொண்டாள்.

துரைசிங்கம் கோட்டை மாட்டிக்கொண்டு லோரியில் ஏறினார்.

அசாம் ஜாவா சந்தியில் போலீஸ் தடுத்தது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கடத்துகிறார்களா என்று லோரியின் சீட்டுக்கு அடியிலிருந்து அவருடைய தொப்பிக்கு உள்பக்கம்வரை பார்த்தார்கள். அதில் அரை மணி நேரம் போயிற்று. ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தபோது ஒன்பதே முக்கால்.

தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். வரிசையாக அறைகள், கதவுக்குக் கதவு பதவிப் பலகை. துரைசிங்கத்துக்குத் தைரியம் வந்தது. உலகப் போர் முடிந்ததும் ஒரு வருடம் ராணுவ நிர்வாகத்தில் வேலை பார்த்தவர் அவர். லெப்டினன்ட் சின்னவர், அதற்கு மேலே கேப்டன், அதற்கு மேலே மேஜர், அப்புறம் கர்னல் என்பது அவருக்குத் தலைகீழாகத் தெரியும்.

முதல் கதவில் ஃபிளைட் லெப்டினன்ட் என்று இருந்தது. முகமெல்லாம் செம்புள்ளி விழுந்த இளைஞன் ஒருவன் எட்டிப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்டான். லெப்டினன்ட் சிரமப்பட வேண்டாம், தான் பெரியவரைப் பார்க்க வந்திருப்பதாகத் துரைசிங்கம் மரியாதையான ஆங்கிலத்தில் சொன்னார். போகிற போக்கில், லோரியைக் கொஞ்சம் நிழலில் விடச் சொல்ல முடியுமா என்றும் கேட்டார். இளைஞன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நடையில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் எதிரே வந்தார். சட்டைப்பையின் மேல் பெயரோடு குரூப் கேப்டன் என்று எழுதியிருந்தது. இந்த வயதிலும் கேப்டனாகவே இருக்கிறாரே என்று துரைசிங்கத்துக்கு இரக்கமாக இருந்தது. "கேப்டன், தயவுசெய்து வழி விடுங்கள், மேலதிகாரியைப் பார்க்க அவசரமாகப் போகிறேன்," என்றார். மீசைக்காரர் வழி விட்டார். அவருடைய காது மட்டும் சிவந்தது.

கோடி அறையில் விங் கமாண்டர். கமாண்டர் என்றால் அவர்தான் எல்லாவற்றுக்கும் பெரியவர். துரைசிங்கம் உள்ளே போனதும் அவர் ஒரு நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்ததும் அது பின்னால் சாய்ந்தது. காகிதத்தை நீட்டிப் பேச வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் கண்ணாடி வைத்த கம்பி ஒன்று போயிற்று. விங் கமாண்டர் பல் டாக்டர். மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர். கம்பியை எடுக்கவைத்து விஷயத்தைப் புரியவைக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. தனக்கு ஒரு விமானமும் இல்லை, ஸ்குவாட்ரன் லீடரைக் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் துரைசிங்கத்துக்குக் கடைவாய்ப் பல் ஒன்று எடுக்கவேண்டியிருக்கிறது என்று அவர் சொன்னார்.

ஸ்குவாட்ரன் லீடருக்கு ஸ்குவாட்ரனும் இல்லை, விமானமும் இல்லை. நானூறு கம்பளிப் போர்வைகளும் ஓர் அறை நிறைய பூட்ஸுகளும் அவர் பொறுப்பில் இருந்தன. குண்டு வீச்சை நிறுத்துவதற்கான ஃபாரம் எதுவும் தன்னிடம் இல்லை என்று தேடிப் பார்த்தே சொன்னார்.

மணி பத்து இருபது. துரைசிங்கத்தின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. புஷ்பவள்ளியின் வீட்டுத் தகரக் கூரை கண்ணுக்குள் வந்து வந்து போயிற்று. மற்றவர்களாவது அக்கரையில் பத்திரமாக இருக்கிறார்கள் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நடையின் மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவன் தலை நிமிர்ந்தான். சலாவுதீன் என்று பெயர். கோலசிலாங்கூர் கடைத்தெருவில் அவன் தகப்பனாருக்குச் சாப்பாட்டுக்கடை. தமிழ் முகத்தைக் கண்டதும் துரைசிங்கம் நேரே அவன் மேசைக்குப் போனார்.

"தம்பி, இந்த ஸ்டேஷனுக்கு ஆர் பெரியவர்?"

"பதவியில பெரியவருன்னா குரூப் கேப்டன் சார். ராணுவக் கர்னல் மாதிரி. மீசை வச்சிருப்பாரு, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்திருக்காரு," என்றான் சலாவுதீன். "ஆனா ஸ்டேஷன் கமாண்டர் ஃபிளைட் லெப்டினன்ட்தான். அவரு சொன்னாதான் இங்க எதுவும் நடக்கும். இப்பக்கூட ஏதோ லோரியை நிழலுக்கு மாத்தச் சொல்லிட்டு வந்தாரு."

துரைசிங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

சலாவுதீன் அவரை ஃபிளைட் லெப்டினன்டின் அறைக்கு அழைத்துப் போனான். மீசைக்கார குரூப் கேப்டனும் அங்கேதான் இருந்தார். துரைசிங்கம் இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, குண்டு விழப்போவது லயத்தில் என்றும், நேற்றுப் பிள்ளை பெற்ற பெண் ஒருத்தி அங்கே படுத்திருக்கிறாள் என்றும் சொன்னார். பாஸ் இல்லாமல் ஆற்றைக் கடந்தவர்களைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இருவருக்கும் முகம் வெளுத்தது. விமானங்கள் சிங்கப்பூரிலிருந்து பத்து மணிக்கே கிளம்பிவிட்டன, உடனே வயர்லெஸ்ஸில் நிறுத்தவேண்டும் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. யார் நிறுத்துவது என்பதில்தான் சிக்கல். குரூப் கேப்டன் எதிரே நிற்கும்போது தான் கையெழுத்துப் போடுவது அவரை மதிக்காதது ஆகும் என்றார் ஃபிளைட் லெப்டினன்ட். இந்த ஸ்டேஷனில் தான் விருந்தாளி, கமாண்டரின் அதிகாரத்தில் கை வைப்பது முறையல்ல என்றார் குரூப் கேப்டன். தாங்கள் போடுங்கள் என்று இவர் சொல்ல, நீங்களே போடுங்கள் என்று அவர் சொல்ல, காகிதம் மேசையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய்வந்தது. சத்தம் கேட்டுப் பல் டாக்டரும் வந்தார். பதவியில் தான் நடுவில் இருப்பதால் வேண்டுமானால் சாட்சிக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்.

மணி பத்து நாற்பது. துரைசிங்கத்துக்கு ஆங்கிலம் மறந்துபோயிற்று.

"நேற்றுப் பிறந்த பிள்ளைக்கு உங்களிலை ஆர் பெரியவர் எண்டு தெரியாது," என்றார். "அதுக்கு மேல விழப்போறது குண்டு. அது கேப்டனும் பாக்காது, கமாண்டரும் பாக்காது."

என்ன சொல்கிறார் என்று குரூப் கேப்டன் கேட்டார். கொஞ்சம் சீக்கிரம் என்கிறார் என்று சலாவுதீன் மொழிபெயர்த்தான்.

அதற்குள் துரைசிங்கம் டைப்ரைட்டரின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களின் மனம் நோகாமல் காகிதம் எழுதித்தான் அவர் இருபத்திரண்டு வருடம் சோறு சாப்பிட்டிருந்தார். "நான்" என்ற சொல்லே வராமல் நாலு வரி அடித்தார். இன்றைய தாக்குதல் முழுவதையும் கைவிடும்படி இந்த ஸ்டேஷன் கேட்டுக்கொள்கிறது. கீழே "ஸ்டேஷனுக்காக" என்று ஓர் இடம். பக்கத்தில் "பார்த்தேன்" என்று, அதைவிடக் கொஞ்சம் உயரத்தில், இன்னோர் இடம். ஃபிளைட் லெப்டினன்ட் கீழே கையெழுத்துப் போட்டார். குரூப் கேப்டன் உயரத்தில் போட்டார். யாருக்கும் மனக்குறை இல்லை.

பத்து நாற்பத்தெட்டுக்கு வயர்லெஸ் போயிற்று. பதில் இல்லை. பத்து ஐம்பத்தைந்துக்குத் தெற்கே உறுமல் கேட்டது. எல்லாரும் வெளியே ஓடி வந்தார்கள். மேகத்துக்கு மேலே ஐந்து புள்ளிகள் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. துரைசிங்கம் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். மறுபடி திறந்தபோது புள்ளிகள் வளைந்து கடல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன.

பிறகு எல்லாம் கலகலப்பாயிற்று. குரூப் கேப்டன் அவருடைய கையைக் குலுக்கி, உங்களைப் போல் ஓர் ஆள் எங்கள் தலைமை ஆபீசில் இல்லை என்றார். ஃபிளைட் லெப்டினன்ட் தானே லோரிவரை வந்து கதவைத் திறந்துவிட்டார். கடைவாய்ப் பல்லை மறந்துவிடவேண்டாம் என்றார் டாக்டர். அன்றைக்கு ஸ்டேஷனில் யார் பெரியவர் என்று கேட்டிருந்தால் எல்லாரும் துரைசிங்கத்தைத்தான் காட்டியிருப்பார்கள்.

லோரி கிளம்புகிற நேரத்தில் சலாவுதீன் ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். மூச்சு வாங்கியது, முகத்தில் ரத்தமே இல்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஜன்னலுக்குள் தலையை நீட்டினான்.

"சார், வெளிய சொல்லிடாதீங்க, என் வேலை போயிரும். அசல் உத்தரவை இப்பத்தான் எடுத்துப் பார்த்தேன். உங்களுக்கு அனுப்புன நகல்ல நான்தான் ஏழுக்குப் பதிலா ஒண்ணு அடிச்சுட்டேன். அவங்க குண்டு போட இருந்தது நாப்பத்தேழுல சார், ஆத்துக்கு அக்கரையில, ஆளே இல்லாத அந்தப் பழைய ரப்பர் காட்டுல."