கறுப்பு மஞ்சள் டாக்ஸியின் முன்கண்ணாடி

கர்மூஸ், அலெக்சாந்திரியா
செவ்வாய்க்கிழமை

என் தம்பி மஹ்ரூஸுக்கு உன் அக்கா இன்ஸாஃப் எழுதுவது. அல்லாஹ் உன் ஆயுளைக் கூட்டி, கோபத்தைக் குறைப்பானாக. நான் உயிரோடு இருக்கிறேன். குவைத்தில் வெயில் எப்படி என்று கேட்க மாட்டேன். இங்கே மழை எப்படி என்று நீ கேட்டாயா?

உன் கடிதம் வந்தது. அடுத்த மாதக் கடைசி வியாழக்கிழமை பெட்டியோடு வருவாயாம். நீ செய்து என் அலமாரியில் வைத்துப்போன, விரல் நீளப் பொம்மைக் கார்கள் பன்னிரண்டையும் எடுத்துப் போவாயாம். "அப்புறம் கோடைக்குக் கோடை இவ்வளவு தூரம் அலைய வேண்டாம்க்கா" என்று எழுதியிருக்கிறாய். நல்லது, கொண்டு போ. பத்தொன்பது வருஷமாகத் தூசி தட்டுகிறேன். வருஷத்தில் இருபது நாள் வந்து அவற்றையே பார்த்துக்கொண்டு உட்காருவாய். தெருவில் மட்டும் அக்காவைப் பார்க்க வந்ததாகச் சொல்லுவாய். அப்பா உனக்கு மட்டும் சைக்கிள் வாங்கித் தந்ததையே சொல்லிக்காட்டாதவள், இதையா சொல்லிக்காட்டப் போகிறேன்?

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவற்றில் அந்தக் கறுப்பு மஞ்சள் டாக்ஸியின் முன்கண்ணாடி போய்விட்டது. பெருநாளுக்கு ஜன்னல்களை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன், நம் அம்மா துடைப்பது போலவே, துணியில் மிச்சம் ஈரம் இருந்தது, இதுவும் கண்ணாடிதானே என்று ஒரு இழுப்பு இழுத்தேன், அது பிளாஸ்டிக் என்று நீ என்றைக்காவது சொன்னாயா, காலையில் பார்த்தால் வறண்ட குளம் மாதிரி வெடித்து நிற்கிறது, விரல் பட்டதும் மூன்று துண்டாக உள்ளே விழுந்தது. கடிகாரம் பழுது பார்க்கும் உஸ்தா வாஸிஃபிடம் ஓடினேன். "உடனே ஒட்டுற பசை இருக்கு ஃபத்ஹி அம்மா, டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிடலாம்" என்றார். ஒட்டியது. ஆனால் பசையின் ஆவி பட்டு மற்றக் கண்ணாடிகளும் வெள்ளையாகப் பூத்துவிட்டன, உள்ளே நாலு பேர் உட்கார்ந்து மூச்சு விடுகிற மாதிரி.

"என்னய்யா பண்ணி வச்சிருக்க? தம்பிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"பனி விழுந்துச்சுன்னு சொல்லுங்க."

"அலெக்சாந்திரியாவுல எப்பய்யா பனி விழுந்துச்சு?"

"அவரு குவைத்துக்குப் போன பிறகு. அவருக்கெங்க தெரியப்போகுது?"

பிறகு பஸ்பூஸா இனிப்புப் பெட்டியின் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் மூடியை வெட்டினோம். பக்கத்து ஜன்னல்களுக்கு அப்படியே பொருந்தியது. முன்கண்ணாடிக்குத்தான் வளைவு. வாஸிஃப் ஒரு மரத்துண்டை அதே வளைவில் செதுக்கினார். மூடியை அடுப்புக்கு மேலே பிடித்து, அது மாவு மாதிரித் தொய்ந்ததும் மரத்தின்மேல் இழுத்து அழுத்தினோம். மூன்று மூடி கருகியது. அதாவது மூன்று பெட்டி பஸ்பூஸாவைப் பேத்திகளுக்குக்கூடக் கொடுக்காமல், சர்க்கரை வியாதிக்காரி நானே தின்றேன், உன்னால். நாலாவது சரியாக வந்தது. தச்சர் வைக்கும் வெள்ளைப் பசையால் ஒட்டினோம். காய்ந்ததும் பசை கண்ணுக்கே தெரியவில்லை.

ஆக, டாக்ஸி முழுசு. மற்றப் பதினொன்றும் நீ வைத்தது வைத்தபடி. வா, பெட்டியில் அடுக்கு, போ. தடுக்க மாட்டேன், அழவும் மாட்டேன். இந்த வீட்டில் பேச்சுத்துணை இல்லாமல் செத்தவர் யாருமில்லை. ஒரு வேளைக்கு மட்டும் மீன் வாங்கி வைக்கிறேன்.

உன் மனைவிக்கு என் ஸலாம். உங்கள் கல்யாணத்தில் எல்லாருக்கும் வாத்துத் தொடை வைத்து எனக்குக் கழுத்தை வைத்தவள் அவள் தாய் என்பதை நான் மறந்துவிட்டதாகவும் சொல். உன் பயணத்தை அல்லாஹ் லேசாக்குவானாக.

அக்கா
இன்ஸாஃப்

பி.கு.: எழுதி முடித்ததும் மற்றப் பதினொன்றையும் துடைத்தேன். அதே துணியால். நன்றாக அழுத்தி. வாஸிஃப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் சரிபண்ண ஒரு கோடை பத்தாதே!" என்கிறார். அவரிடம் வேலையைக் கொடுக்கவில்லை; அவருக்குக் கை நடுங்குகிறது என்று நானே முடிவு செய்துவிட்டேன். பெட்டி கொண்டு வராதே. மாற்றுத்துணி கூடுதலாகக் கொண்டு வா.